செல்வி போட்டிருக்கும் தோடு

மும்பை மாட்டுங்காவில் பழைய ஃபேன்ஸி நகைகள் விற்கும் கடைக்காரர் ஒரு தோட்டில் பச்சை உதிர்ந்த இடத்துக்கு எனாமல் பெயிண்ட் தீட்டிக்கொண்டிருந்தார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும், இடித்துவிட்ட எங்கள் வடாலா சால் குடியிருப்புக்கே போய்விட்டேன். அங்கே மாடி அறையில், சோப்பு விளம்பரத்துக்குப் படம் வரையும் மணி அங்கிள் கிளியும் மாங்காயுமாகப் பித்தளைத் தோடுகளும் டிசைன் செய்து எனாமல் தீட்டுவார். சாயங்காலமானால் பிள்ளைகள் நாங்கள் சுற்றி உட்கார்ந்து, அட்டையில் அவர் வரைந்திருக்கும் பெண்ணின் காதுகளில் ஓட்டை போட்டுத் தோடுகளை மாட்டுவோம். எல்லா அட்டையிலும் அவர் மகள் செல்வியின் முகம்தான். எனக்கு வயிறு பற்றி எரியும்.

“அங்கிள், ஒரே ஒரு அட்டையில என்னைய வரைங்களேன்.”

அவர் வாயைத் திறப்பதற்குள் செல்வி முந்திக்கொள்வாள்: “ஒன் மூஞ்சியப் போட்டா தோட்ட எவடி வாங்குவா?”

இப்போது அந்தத் தோடுகளைத் தேடித் தேடிச் சேர்க்கிறேன். செல்வியிடமே இத்தனை இருக்காது என்பதில் எனக்கு அப்படியொரு குஷி. இன்று வாங்கிய கிளித்தோட்டைக் காதில் வைத்துப் பார்க்கலாமென்று அட்டையிலிருந்து உருவப் போனேன்.

“அரே, கழட்டாதம்மா! அட்டையோட இருந்தாத்தான் மதிப்பு,” என்று கத்தினார் கடைக்காரர்.

அதுவும் சரிதான். என் பீரோவுக்குள் வரிசை வரிசையாகச் செல்விகள், நான் காசு கொடுத்து வாங்கிய தோடுகளைப் போட்டுக்கொண்டு சிரிக்கிறார்கள்.