சும்மா இருந்த வருடங்கள்

"வருசத்தக் கேக்கலக்கா. அப்ப எந்தப் புள்ள இடுப்புல இருந்துச்சி?"

மணிமொழி இப்படித்தான் கேட்பார். வருடத்தைச் சொல்லிக் கேட்டால் பெண்கள் விழிப்பார்கள். பிள்ளையை வைத்துக் கேட்டால் அந்த வருடத்து மழை வரைக்கும் வந்துவிடும். சங்கராபுரத்துக்காரர். யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று வீடுவீடாகக் கேட்டு எழுதும் கணக்கெடுப்பில் தற்காலிக வேலை. கணக்கெடுப்பு ஆரம்பித்ததே நாலு வருடத்துக்கு முன்புதான். அதற்கு முந்தைய பத்து வருடமும் இப்போது வேண்டுமாம். போன காலத்துக்கு பஸ் கிடையாது என்பதால் ஜனங்களின் ஞாபகத்தைப் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டியிருக்கிறது.

பையில் எப்போதும் பொரிகடலை இருக்கும். குழந்தைகளுக்கு என்பார், பாதியைத் தானே தின்றுவிடுவார். அதோடு ஒரு வீம்பு. பெண்டாட்டிக்காகப் புருஷன் சொல்லும் பதிலை வாங்க மாட்டார். படிவத்தில் அதற்கு இடமுண்டு, மேற்பார்வையாளர் விஜயராகவனும் அப்படியே முடிக்கச் சொல்கிறார். இவர் கேட்டால்தானே. மற்றவர்கள் எட்டு வீடு முடிக்கும் நேரத்தில் இவர் மூன்றாவது வீட்டில் இருப்பார்.

மலைமேல் கரியாலூர்ப் பக்கம் தைலம்மாள் வீட்டுக்கு, வேலை பழக நானும் கூடப் போயிருந்தேன். கணவர் மாதன் முந்திக்கொண்டார்.

"அவ இன்னா பண்ணா? வூட்ல சும்மாதான் இருந்தா."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பியிருந்தார். எனக்குத்தான் எரிச்சலாக வந்தது. மணிமொழி அவருக்குத் தலையாட்டிவிட்டு, தைலம்மாளிடம் நடுப்பிள்ளை கைக்குழந்தையாக இருந்த வருடத்தைக் கேட்டார்.

தைலம்மாள் புருஷனை ஒருமுறை பார்த்தார். "கேரளாவுல மொளகு பறிச்சிக்கினு இருந்தேங்க. புள்ளைய மரத்துல தூளி கட்டிப் போட்டுட்டு."

மாதனும் அதே தோட்டத்தில்தான் இருந்திருக்கிறார். தான் வேலைக்குப் போனதாகவும் மனைவி கூட வந்ததாகவும் இத்தனை நாள் ஞாபகம் வைத்திருந்திருக்கிறார். "ஆமா, பறிச்சா" என்று முனகினார்.

அப்போது விஜயராகவனின் போன். சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. புருஷன் சொல்வதையே போட்டு முடித்துக் கடைசி பஸ்ஸுக்கு இறங்க வேண்டுமாம். இன்றும் வீடுகள் குறைந்தால் அடுத்த மாதம் வேலை கிடையாது. மணிமொழியின் முகம் வாடிவிட்டது. மகள் சுபஸ்ரீயின் கல்லூரிப் படிப்பு அந்தச் சம்பளத்தில்தான் ஓடுகிறது.

தைலம்மாளே பயந்துபோனார். "அவரு சொன்னதயே போட்டுக்கங்க. எனக்கோசரம் உங்க வேல போவ வேணாம்."

போன் மறுபடியும் அடித்தது. மணிமொழி அதை அணைத்துப் பையில் போட்டார். கிளம்பத் தோதாகக் குந்தியிருந்தவர், "அதுக்கு அடுத்த வருசத்தச் சொல்லுங்கக்கா" என்று தரையில் நன்றாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.