நேசையாவின் முதல் மாங்காய்

என் வீட்டுக்காரர் நேசையாவுக்கு இட்லி வெந்தாலும் பிரசங்கம், வேகாவிட்டாலும் பிரசங்கம். "ஆவியில வெந்தாத்தான் மாவு இட்லியாகும். பாடுபட்டாத்தான் மனுசன் மனுசனாவான்" என்பார். "பாடுபட்டு ஆட்டுதது நானு, மனுசனாகுதது நீங்களாக்கும்?" என்று கேட்பேன். காதில் விழாது.

பாளையங்கோட்டையிலிருந்து அம்பாசமுத்திரம் போகும் பஸ்ஸுக்கு டிரைவர். வேகத்தடை வந்தால் சோதனை, மேடு வந்தால் தாழ்மை. "சின்ன கியர்ல போட்டாத்தாம்ல மேடு ஏறும்" என்று ஆரம்பித்தால் கண்டக்டர் மாரிராஜ், "அண்ணாச்சி, முன்னால எருமை நிக்கி, அதைப் பாருங்க" என்பானாம். கொல்லைக் குழாய் ஒழுகியபோது, சின்னப் பாவமும் இப்படித்தான் சொட்டுச் சொட்டாக ஆளைக் கவிழ்க்கும் என்று விளக்கினார். வாஷர் மாற்ற ஆளைக் கூட்டிவந்தது நான்.

இப்பேர்ப்பட்டவருக்கு ஒரு மாமரம் கிடைத்தால் விடுவாரா? களக்காட்டில் வாங்கிய ஒட்டுக்கன்று. இந்த வருஷம்தான் முதல் காய்ப்பு. சித்திரைக் காற்றில் பிஞ்செல்லாம் கொட்டிப்போய் ஒன்றே ஒன்று மிஞ்சியது. எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. மரத்தின் முதல் காயை ஸ்தோத்திரப் பண்டிகையன்று கோயிலில் படைத்த பிறகுதான் அந்த மரத்துக் காயில் வீட்டார் வாய் வைக்கலாம். இவர் சும்மா இருக்காமல் ஞாயிறு ஆராதனையில் எழுந்து நின்று, குருவானவர் முன்னால், "என் மரத்தின் முதற்பலன் கர்த்தருக்கு" என்று அறிவித்துவிட்டார். அன்று முதல் தினமும் மரத்தடியில் ஒரு பாடம். காற்றில் விழாதது விசுவாசம், அணில் தொடாதது கிருபை. அந்த அணிலும் கேட்டுச் சலித்துத்தான் பக்கத்து முருங்கைக்குக் குடிபோயிருக்கும்.

மரம் எங்கள் மண்ணில் நின்றாலும் அந்தக் காய் தொங்கியது சுவருக்கு அந்தப் பக்கம், சொர்ணாம்பாள் வீட்டுத் துவைக்கல்லுக்கு மேலே. அவள் மகள் சித்ரலேகா பிள்ளைத்தாய்ச்சியாகத் தாய்வீடு வந்திருந்தாள். போன வருஷம் ஒன்று தங்காமல் போய்விட்டது. இந்தத் தடவை தங்கியது, ஆனால் வயிற்றில் சோறு தங்கவில்லை. கஞ்சி, இளநீர், எது குடித்தாலும் வாந்தி. இப்படியே போனால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதுதான் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். பெண் ஈர்க்குச்சியாகிவிட்டாள்.

ஒருநாள் துணி காயப்போடும்போது பார்த்தேன். அவள் துவைக்கல்லில் உட்கார்ந்து அந்த மாங்காயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேணுமாட்டி?" என்றேன்.

"அதைப் பாத்தா மட்டும் குமட்டல, அத்தை" என்றாள். "கடையில வாங்கிக் குடுத்தாவ. மணம் பட்டதும் வெளிய வந்துட்டு."

சொர்ணாம்பாள் ஓடிவந்து மகளின் கையைப் பிடித்து இழுத்தாள். "சாமிக்கு நேந்ததைக் கண்ணால பாக்கப்படாதுளா! மைனி, நீங்க ஒண்ணும் நெனச்சுக்கிடாதீங்க." அவள் கும்பிடுவது நெல்லையப்பரை. ஆனால் எங்கள் கர்த்தருக்கு நேர்ந்ததற்கு எங்களைவிட அவள்தான் பயந்தாள்.

வீட்டுக்குள் வந்து இவரிடம் சொன்னேன். "சபையில வச்சு சொன்ன வாக்காக்கும். பண்டிகை முடியட்டும், அடுத்த காய் அவளுக்குத்தான்" என்றார்.

"அடுத்த காய் அடுத்த வருஷம். அதுவரைக்கும் பட்டினி கிடக்கணுமோ?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று ராத்திரி ரசத்தில் உப்பே போடவில்லை. அதற்கும் ஒரு பாடம் சொல்வார் என்று காத்திருந்தேன். வாய் திறக்காமல் குடித்தார். மனுஷருக்கு உள்ளே உறுத்துகிறது என்று அப்போதே தெரிந்துகொண்டேன்.

பண்டிகை நாள் காலை. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் தட்டு, தொரட்டியோடு மரத்தடிக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"இஞ்சேருங்க. எல்லாத்துக்கும் பாடம் சொல்லுதீயளே, அந்தக் கொப்பு ஏன் அங்கன சாஞ்சு கிடக்குன்னு ஒரு பாடம் சொல்லுங்க பாப்போம்."

"வெயில் அங்கன அடிக்கி" என்றார்.

"கோடையில நம்ம குழாய் காத்தைத்தான கக்குச்சு. மரம் பொழைச்சது சொர்ணாம்பா துணி துவைச்ச தண்ணியில. மரத்துக்குத் தெரியுது, டிரைவருக்குத் தெரியலையே!"

நேசையா தொரட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். கோயிலில் முதல் மணி அடித்தது. பைய காயைப் பறித்துத் தட்டில் வைத்தார். வாசலுக்குப் போனவர் கோயில் பக்கம் திரும்பாமல் பக்கத்து வீட்டுப் படியேறினார்.

சொர்ணாம்பாள் பதறிவிட்டாள். "ஐயையோ அண்ணாச்சி, சாமி குத்தம் வந்து சேரும்! கொண்டு போங்க!"

"வராது தாயி. எங்க வேதத்துல தாவீதுன்னு ஒருத்தர். பசின்னு வந்தப்ப கோயில்ல படைச்ச அப்பத்தையே எடுத்துக் குடுத்தாவ. அது குத்தமில்லன்னு பொறவு இயேசுவே சொல்லியிருக்காரு. அவருக்கு உள்ளதைத்தான் கொண்டாந்திருக்கேன், இங்கன வச்சு வாங்கிக்கிடுவாரு."

இத்தனை வருஷத்தில் அவர் செய்த பிரசங்கங்களில் ஒன்று உருப்படியாக ஒருவருக்குப் போய்ச் சேர்ந்தது அன்றைக்குத்தான். சொர்ணாம்பாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டிலிருந்த காயை எடுத்துக்கொண்டாள். நான் உப்பும் மிளகாய்ப்பொடியும் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

திரும்பி வந்து நாங்கள் இரண்டு பேரும் எங்கள் பக்கத்துச் சுவரோரம் திருடர்களைப் போல நின்றோம். மாங்காய்க் கீற்றைக் கடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு சத்தமில்லை. வாந்திக்கு ஓடும் கால்சத்தம் வருகிறதா என்று சுவரில் காதை வைத்தேன். இவர் வெறும் தட்டை மார்போடு பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். கோயிலில் இரண்டாம் மணியும் அடித்து ஓய்ந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் சித்ரலேகாவின் குரல் கேட்டது. "எம்மா, பசிக்கி. கொஞ்சம் சோறு இருந்தா போடேன்."

நேசையாவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. எனக்கும்தான். ஆனாலும் என் வாய் சும்மா இருக்குமா?

"இதுக்கு என்ன பாடம் சொல்லப் போறீய?"

வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பாடமா? போடி அங்கிட்டு. பிள்ளை சோறு கேக்கா, உனக்குக் கேக்கலையா?"