ஃபியூஸ் இருந்த இடத்தில் செம்புக் கம்பி

"மவுண்ட் ரோடுல ஒரு பெரிய கம்பெனில குடுத்துப் பண்ணது சாமி" என்று தன் காரைக் காட்டிக் காண்ட்ராக்டர் பங்குச் சாமியாரிடம் சொன்னபோது, அதைப் பண்ணிய என் அக்கா நாலடி தள்ளி, கையில் மெழுகுவர்த்தியோடு நின்றிருந்தாள். ராயபுரத்தில் எங்கள் கோயில் திருவிழாவுக்குக் கொடியேற்றிய நாள் அது. வாசலில் நின்ற காரிலிருந்து பாட்டு கடற்கரை வரைக்கும் கேட்டது. அக்கா ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன். மெழுகு விரலில் சொட்டியதைக்கூடக் கவனிக்காமல் அவள் அந்தக் காரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐம்பது வருஷம் ஆகப்போகிறது. அந்த வாக்கியத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

அக்கா வீட்டுக்காரர் டைனமோ, மோட்டார்களுக்குக் காயில் சுற்றும் கடை வைத்திருந்தவர். கல்யாணமான மறு மாதத்திலிருந்தே பாதி வேலை அவள் கையில்தான் நடந்தது. மஞ்சள் காமாலையில் அவர் போனபோது அவளுக்கு இருபத்தெட்டு வயது. கடையைச் சாத்திவிட்டுப் பிறந்த வீட்டோடு இரு என்றார்கள். அவள் பதினோராம் நாள் காலை போய்க் கதவைத் திறந்தாள். டாக்சிக்காரர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு வரிசையில் நின்றார்கள். அம்மாவும் அவளும் நானும் ஒரே வீட்டில் இருந்தோம். நான் துறைமுகத்துக்குக் கூலியாள் அனுப்பும் அந்தக் காண்ட்ராக்டரின் ஆபீசில் டைப்பிஸ்ட்.

கப்பலில் வந்த ஒரு மாலுமியிடம் காண்ட்ராக்டர் ஒரு ஸ்டீரியோ செட்டை வாங்கினார். அப்போது அந்த வட்டாரத்தில் யார் காரிலும் அப்படி ஒன்று கிடையாது. கூடவே மீட்டிங்குக்கு வைக்கிற மாதிரி ஒரு பெரிய ஆம்ப்ளிஃபயர், காருக்குள் நாலு ஸ்பீக்கர், மேலே இரண்டு குழாய் ஸ்பீக்கர். திருவிழாவில் தேருக்கு முன்னால் தன் கார் பாடிக்கொண்டு போக வேண்டும் என்பது அவர் ஆசை. கார் அதற்கு ஒத்துழைக்கவில்லை. வேறு வழியில்லாமல்தான் அக்காவின் கடைக்கு வந்தார்.

"இன்னாம்மா இது, நாலு பாட்டு பாடறதுக்குள்ள பேட்ரி படுத்துக்குது. ஹெட்லைட்டு கண்ண சிமிட்டுது."

"பேட்ரி மேல தப்பு இல்லண்ணே" என்றாள் அக்கா. "உங்க டைனமோ லைட்டுக்கும் ஆரனுக்கும் போட்டது. இந்த செட்டு குடிக்கிறத அதால குடுக்க முடியாது. பெரிசா வோணும்."

பத்து நாள் அந்த வேலை நடந்தது. உடைப்புக்குப் போன ஒரு லாரியின் டைனமோவை வாங்கி, பழைய கம்பியை அறுத்தெறிந்துவிட்டுப் புதிதாகச் சுற்றினாள். அது காரின் எஞ்சினுக்குப் பக்கத்தில் உட்காரவில்லை. அட்டையில் அளவு வெட்டிக்கொண்டு போய்ப் பட்டறையில் அதைத் தாங்க ஒரு இரும்புப் பட்டை அடித்து வாங்கி வந்தாள். வண்டி நிற்கும்போதும் பாட வேண்டுமே என்று டிக்கியில் இரண்டாவது பேட்டரி. அங்கிருந்து முன்பக்கம் வரை சுண்டுவிரல் கனத்துக்குக் கேபிள். அந்தக் கேபிள் தகரத்தைத் துளைத்துப் போகிற இடத்தில் உரசாமலிருக்க ரப்பர் வளையம். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ். "இது எரிஞ்சா இன்னாத்துக்கு எரிஞ்சுதுனு பாக்கணும், இன்னொண்ணு போட்டுட்டுப் போவக்கூடாது" என்று காண்ட்ராக்டரின் டிரைவரிடம் மூன்று தரம் சொன்னாள். நான் கூடவே நின்று கேட்டேன். கடைசி நாள் ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொல்லி, செட்டை முழுசாகத் திறந்து, ஹெட்லைட்டையும் போட்டாள். எதிர்ச் சுவரில் விழுந்த வெளிச்சம் ஒரு இமைப்புக்கூட மங்கவில்லை. அக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு சத்தமாகச் சிரித்தாள். வீட்டுக்காரர் இறந்த பிறகு அவள் அப்படிச் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஒரு விதவை, அழுக்குச் சேலையில் காருக்கடியில் படுத்துச் செய்த வேலை என்று சொல்லக் காண்ட்ராக்டருக்குக் கூச்சம். அதனால் மவுண்ட் ரோடு.

திருவிழாவின் நாலாம் நாள் அவர் இன்னொரு ஆம்ப்ளிஃபயரும் இன்னும் இரண்டு குழாயும் கொண்டுவந்து டிரைவரை அதே கேபிளில் மாட்டச் சொன்னார். அக்காவை யாரும் கேட்கவில்லை. அன்று மாலை, ஊர்வலம் திரும்புகிற முனையில், ஃபியூஸ் எரிந்து பாட்டு நின்றது. அந்த ஃபியூஸ் தன் வேலையைச் செய்தது. காண்ட்ராக்டருக்கு அது மானக்கேடாகப் போயிற்று. மறுநாள் காலை ஆபீசில், என் மேசையிலிருந்து ஆறடி தூரத்தில், டிரைவரைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"அந்த ஃபியூஸைப் புடுங்கிப் போட்டுட்டு நல்லா கனமா ஒரு செம்புக் கம்பிய சுத்துடா. இன்னொரு தபா பாட்டு நின்னுதுன்னா நீ வேலைல நிக்க முடியாது."

நான் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். மாலையில் அக்காவிடம் சொல்லியிருக்க வேண்டும். ஆபீஸ் பேச்சை வீட்டுக்குக் கொண்டுபோகக்கூடாது என்று எனக்கு ஒரு ஒழுக்கம் இருந்தது. ஒழுக்கமாம்!

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கார் எண்ணூர் பக்கம் போய்க்கொண்டிருந்தபோது தீப்பிடித்தது. இரண்டாவது ஆம்ப்ளிஃபயரின் கம்பியை அதே துளைக்குள் இழுத்த டிரைவர், இடம் போதாமல் ரப்பர் வளையத்தைக் கழற்றி எறிந்திருந்தான். கேபிள் தகரத்தில் உரசி உரசித் தோல் கழன்றது. எரிந்து அறுபட ஃபியூஸ் இல்லாததால் கேபிளே பழுக்கக் காய்ந்தது. காண்ட்ராக்டர் குடும்பம் இறங்கித் தப்பியது. பேட்டரியைக் கழற்றப் போன டிரைவருக்கு இரண்டு கையும் வெந்துவிட்டது. மறுநாள் ஊரெல்லாம் ஒரே பேச்சு. மவுண்ட் ரோடு கம்பெனி ஒரே இரவில் காணாமல் போய்விட்டது. "அந்தப் பொம்பள பண்ண வேலை" என்றார் காண்ட்ராக்டர்.

ஆபீஸ் வாசலில் பஞ்சாயத்து. பங்குச் சாமியாரோடு கோயில் சபைக்காரர்கள், தெருக்காரர்கள் என்று எட்டுப் பேர். அக்கா அழைக்காமலே வந்தாள். நேராக, அங்கே இழுத்துவந்து நிறுத்தியிருந்த கருகிய காரின் டிக்கிக்குள் கையை விட்டு அந்தக் கம்பியைப் பிடுங்கி எல்லார் முன்னாலும் நீட்டினாள்.

"இத நான் போடல சாமி. நான் போட்டது ஃபியூஸு. இது இருந்தா வண்டி எரியும்னு எனக்குத் தெரியாதா?"

"கை வச்சது நீ. அப்பால வேற யாரு போட்டிருப்பா?" என்றார் காண்ட்ராக்டர். "பொம்பள கைல கரண்டக் குடுத்தா இப்படித்தான்."

டிரைவர் கட்டுப்போட்ட கைகளைப் பார்த்துக்கொண்டே, "எனக்கு ஒண்ணும் தெரியாது சாமி" என்றான். அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"நீ ஆபீஸ்லதானே குந்திகினு இருக்கே. கம்பி போடச் சொன்னது யாருன்னு உனக்குத் தெரியுமாடி?"

காண்ட்ராக்டர் என்னைப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை என்று அவருக்குத் தெரியும்.

"தெரியாது" என்றேன்.

அதற்குப் பிறகு கடைக்கு வண்டிகள் வரவில்லை. நாலு மாதத்தில் அக்கா சாவியைக் கட்டட உரிமையாளரிடம் கொடுத்துவிட்டு, மணலிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் காயில் சுற்றப் போனாள். அவளுக்கு மேலே இருந்த சூப்பர்வைசருக்கு அவளே வேலை சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்ததாம். காண்ட்ராக்டர் வேறு கார் வாங்கினார். டிரைவரின் விரல்கள் மடங்காமல் போனதும் அவனை அனுப்பிவிட்டார். நான் இன்னும் ஒன்றரை வருஷம் அதே நாற்காலியில் உட்கார்ந்து அவர் கடிதங்களைப் பிழையில்லாமல் அடித்துக் கொடுத்தேன்.

அந்த வேலையை விட்ட அன்றைக்குத்தான் அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். அவள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"தெரியும். அன்னிக்கே உன் மூஞ்சில இருந்துது."

"அப்ப ஏன்க்கா என்னை ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டேனே" என்றாள். "எட்டு பேர் முன்னால கேட்டேன்."

அதோடு அந்தப் பேச்சை அவள் எடுக்கவே இல்லை. என் பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தாள், என் பிரசவங்களுக்குத் துணை இருந்தாள். ஆனால் மன்னித்துவிட்டேன் என்று மட்டும் சாகிற வரைக்கும் சொல்லவில்லை. சொல்லாதது சரிதான்.

இப்போது எங்கள் தெருவில் பையன்கள் ஓட்டிப்போகும் கார்களில் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. அந்த செட்டுகளின் அட்டைப்பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறார்கள்: பேட்டரிக்கு அருகில் ஃபியூஸ் பொருத்தவும். அக்கா சொன்னதுதான். அதை அச்சடித்தவர்களை யாரும் குற்றவாளியாக நிறுத்தவில்லை.

காண்ட்ராக்டர் இல்லை, சாமியார் இல்லை, அந்த எட்டுப் பேரில் ஒருவரும் இல்லை. கேட்டவளும் போய்விட்டாள். ஆனாலும் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறேன். கம்பி போடச் சொன்னது காண்ட்ராக்டர். நான் ஆறடி தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். என் காதால் கேட்டேன்.