ஜன்னலில் ஏற்றிய திரி

2009, மே மாதக் கடைசி. எழுத்தாளர்களான ஓர் அக்காவும் தம்பியும் வாழ்ந்த, இப்போது அருங்காட்சியகமாகிவிட்ட டெனிஷ் கிராமத்து வீட்டில் நிற்கிறோம். வன்னியில் இருந்த தன் தம்பியைப் பற்றி இரண்டு மாதமாக ஒரு செய்தியும் இல்லாமல் தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருக்கும் மனைவியை, ஒரு நாளாவது வெளியே கொண்டுவர வேண்டுமென்று நாங்கள் குடியிருக்கும் வைலே நகரத்திலிருந்து கூட்டி வந்திருக்கிறேன்.

வீட்டைக் காட்டும் முதியவர் அந்த எழுத்தாளர் தம்பியின் மூக்குக்கண்ணாடியைக் காட்டுகிறார். பிறகு அக்கா கடித்த பென்சில். ஒரு பென்சிலுக்குக் கண்ணாடிப் பெட்டி! எங்கள் சனத்துக்குக் குண்டுக்கு ஒளிய ஒரு பங்கர்கூட மிஞ்சவில்லை.

ஜன்னலில் மெழுகுதிரிகள் இருக்கின்றன. ஜெர்மன்காரரிடமிருந்து நாடு விடுபட்டதைக் கொண்டாடி வருடாவருடம் மே நான்காம் திகதி மாலையில் ஏற்றுவார்களாம்.

எந்த நாடு என்று கேட்கிறார். சொல்கிறேன்.

"ஓ, உங்கள் போர் முடிந்துவிட்டதே, வாழ்த்துகள்!" என்று டெனிஷில் சொல்லிக் கை நீட்டுகிறார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எதற்கு வாழ்த்து? நான் கை கொடுக்கவில்லை. அதைக் கவனிக்காமல், எங்களுக்கென்றே ஒரு திரியை ஏற்றி ஜன்னலில் வைக்கிறார்.

டெனிஷ் விளங்காத மனைவி விறுவிறுவென்று போய் அதை ஊதி அணைக்கிறாள்.

"இஞ்சேருங்கோ, அந்தாளிட்டைச் சொல்லுங்கோ," என்கிறாள். "என்ரை தம்பி செத்துப்போனான் எண்டு எனக்கு இன்னும் ஒருத்தரும் சொல்லேல்லை."