முத்தத்தை வெட்டினேன், குண்டை விட்டுவிட்டேன்

கார்ட்டூன் படம் ஏற்றிக் கொடுக்கிறவனுக்கு ஒரு பொய் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்: "நானே பார்த்தேன், நல்ல படம்."

கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கிட்ட, பஸ் நிற்கிற பக்கமாக இறங்கும் சந்தில் பதினொரு வருசமாக என்னுடைய கொமினிகேஷன் கடை இருக்கிறது. போட்டோகொப்பி, போனுக்குக் காசு போடும் ரீலோட், படிவம் நிரப்பிக் கொடுப்பது, அதோடு பென்டிரைவில் படம் ஏற்றிக் கொடுப்பது. பிள்ளை சாப்பிட மாட்டேன் என்கிறது, ஒரு இடத்தில் இருக்க மாட்டேன் என்கிறது, எதையாவது போட்டுத் தாருங்கள் என்று என் முன்னால் வந்து நின்ற தாய் தகப்பன்மாரே, இதை உங்களுக்குத்தான் எழுதுகிறேன். நீங்கள் என் முகத்தைப் பார்த்து நம்பினீர்கள். நானும் உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் பொய் சொன்னேன்.

என் கொம்பியூட்டரில் தமிழ், ஹிந்தி, இங்கிலீஷ் என்று மூன்று ஃபோல்டர். நாலாவதின் பெயர் 'சின்னப் பிள்ளைகள்'. ஆள் நடித்தால் பெரியவர்களுக்கு, கீறிய கார்ட்டூன் படமென்றால் பிள்ளைகளுக்கு. இதற்கு மேல் நான் யோசித்ததில்லை.

மூன்று செக்கன்

மடவளையில் துணிக்கடை வைத்திருக்கும், நானா என்று நான் கூப்பிடுகிற முஸ்லிம் அண்ணன் ஒருவர் தன் ஆறு வயது மகளுக்காகப் படம் கொண்டுபோவார். ஒருநாள், கொண்டுபோன மறுநாளே திரும்பி வந்தார். பென்டிரைவை மேசையில் வைத்துவிட்டு, போட்டோகொப்பி மிசினைப் பார்த்தபடி பேசினார். படத்தின் முடிவில் இளவரசன் இளவரசிக்கு முத்தம் கொடுக்கிறானாம். வீட்டில் மாமியார், மச்சினன், எல்லோரும் உட்கார்ந்திருந்தார்களாம். மூன்று செக்கன்தான். ஆனால் அந்த மூன்று செக்கனும் அவர் தன் கால் பெருவிரலையே பார்த்துக்கொண்டு இருந்தாராம்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அன்றைக்கே படத்தை வெட்டி ஒட்டப் பழகினேன். அதற்கென்று ஒரு முறையும் வைத்துக்கொண்டேன். வந்த படத்தைப் பதினாறு மடங்கு வேகத்தில் ஓட விடுவேன். அந்த வேகத்தில் சத்தம் வராது, முகம் தெரியாது. இரண்டு தலைகள் கிட்ட வருகிறதா என்று மட்டும் பார்ப்பேன். வந்தால் நிறுத்தி வெட்டுவேன். ஒரு படத்துக்கு ஆறு நிமிடம். இதைத்தான் 'பார்த்தேன்' என்று சொல்லிக்கொண்டு இருந்தேன். மூன்று மாதம் கழித்து நானா என் தோளில் தட்டினார்.

"தம்பி, இனி நீங்க பாத்தேன் எண்டு சொன்னாச் சரி. நான் பாக்கத் தேவல்ல."

வாத்துப் படம்

போன வருசம் ஒரு படம் வந்தது. அட்டைப் படத்தில் ஒரு சிறுமி தோணியில் உட்கார்ந்திருக்கிறாள், மடியில் தொப்பி போட்ட வாத்து. இதைவிடப் பிள்ளைத்தனமான படம் உலகத்தில் இருக்க முடியாது என்று நினைத்தேன். வழக்கம்போல ஓட விட்டேன். ஓரிடத்தில் பட்டாளத்துக்குப் போகும் ஒருவன் மனைவிக்கு முத்தம் கொடுத்தான். வெட்டினேன். அதற்குப் பிறகு வானத்தில் என்னவோ கூட்டமாகப் பறந்தது. கொக்கு என்று நினைத்தேன். வாத்துப் படத்தில் கொக்கு வருவது நியாயம்தானே.

அந்தக் கிழமை சாந்தி அக்கா வந்தார். ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிள்ளை மடுவத்தைப் பார்த்துக்கொள்கிறவர். தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை அங்கேதான் விட்டுவிட்டுப் போவார்கள். அப்போது பதினாலு பிள்ளைகள். யாரோ புண்ணியவான் ஒரு டீவி வாங்கிக் கொடுத்திருந்தார். "அடிபுடி இல்லாத படமா குடுங்க அண்ணே. ஒண்ணு அழுதா பதினாலும் அழும்" என்றார். வாத்துப் படத்தை ஏற்றிக் கொடுத்தேன். நீங்க பாத்தீங்களா என்று கேட்டார். கண் சிமிட்டாமல் பார்த்தேன் என்றேன்.

"அண்ணன் பாத்துட்டீங்கன்னா எனக்கு நிம்மதி. அத போட்டு விட்டுட்டு நான் அந்த நேரத்துல சோறு ஆக்கிருவேன்."

அசையாமல் இருந்த பிள்ளை

நானாவுக்கும் அதே படம்தான் கொடுத்திருந்தேன். ஐந்தாறு நாள் கழித்து வந்தார். "படம் முடியிற வரைக்கும் புள்ள அசையவே இல்ல தம்பி" என்றார். பாராட்டு என்று நினைத்து நான் பல்லைக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து மகள் தன் சப்பாத்தையும் பொம்மையையும் ஒரு பையில் போட்டுத் தலைமாட்டில் வைத்துக்கொள்கிறாளாம். எதற்கு என்று கேட்டால், ஓடுவதற்கு என்கிறாளாம். படத்தில் குண்டு விழுந்து வீடு எரிந்தபோது அந்தச் சிறுமியும் அப்படித்தான் ஓடினாளாம்.

அப்போதுதான் அந்தப் படத்தில் யுத்தம் வருகிறது என்பதே எனக்குத் தெரிந்தது. தெரிந்த பிறகாவது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நான் வாதாடினேன். கீறின படம்தானே நானா, யாரும் உண்மையாகச் சாகவில்லையே என்றேன். நியூஸில் இதைவிட மோசமாகக் காட்டுகிறான் என்றேன். இந்தக் காலத்துப் பிள்ளைகள் போனில் சுட்டு விளையாடுகிறார்கள், நாலு நாளில் மறந்துவிடும் என்றேன். மறந்துவிடும் என்று சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. நானா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு பென்டிரைவை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"உங்கள மட்டும் குத்தம் சொல்லி என்ன தம்பி. முத்தத்த வெட்டச் சொன்னது நான்தானே. வீடு எரியிறதையும் வெட்டுங்க எண்டு சொல்ல எனக்கும் தோணல்ல."

பன்னிரண்டு மணிச் சங்கு

அன்றைக்கே நான் சாந்தி அக்காவுக்கு ஒரு கோல் எடுத்திருக்க வேண்டும். நம்பர் என்னிடம் இருந்தது. எடுக்கவில்லை. எடுத்தால் பார்க்கவில்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டிவரும். அங்கே ஒன்றும் நடந்திருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த கிழமை சந்து முனையில் அவர் வருவதைக் கண்டதும் போட்டோகொப்பி மிசினுக்குப் பின்னால் குனிந்து பேப்பர் தேடுகிற மாதிரி இருந்தேன். பேப்பர் மேசையிலேயே இருந்தது. அவர் போகவில்லை. நான் நிமிரும் வரைக்கும் நின்றார்.

தோட்டத்து ஃபேக்டரியில் பகல் பன்னிரண்டு மணிக்குச் சங்கு ஊதும். பறித்த கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டுத் தாய்மார் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்ட வருகிற நேரம் அது. சங்குச் சத்தம் கேட்டதும் பதினாலு பிள்ளைகளும் வாசலுக்கு ஓடுவார்களாம். அந்தப் படத்திலும் விமானம் வருவதற்கு முன்னால் சங்கு ஊதுகிறது. பதினாறு மடங்கு வேகத்தில் எனக்குக் கேட்காத சத்தம். பிள்ளைகள் கத்துகிற சத்தம் கேட்டுச் சாந்தி அக்கா அடுப்படியிலிருந்து ஓடி வந்து டீவியை நிறுத்தியிருக்கிறார். டீவி நின்றது, ஃபேக்டரிச் சங்கு நிற்கவில்லை. மறுநாளும் பன்னிரண்டு மணிக்கு ஊதியது. சாந்தி அக்கா என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"முந்தி சங்கு ஊதினா அம்மா வர்றாங்கன்னு வாசலுக்கு ஓடுவாங்க. இப்ப மேசைக்கு அடியில போயி ஒளியிறாங்க அண்ணே. தாய்மாருங்க வந்து காலப் புடிச்சு இழுத்துத்தான் சோறு ஊட்டுறாங்க."

இல்லை மிஸ்

வாத்துப் படத்தை அழித்தேன். எட்டு நாள் ஆகியும் தோட்டத்துப் பக்கம் போகத் தைரியம் வரவில்லை. அப்படி இருக்கும்போதுதான் நேர்ஸ் மிஸ் வந்தார். ஊர் கிளிநொச்சி. கண்டி ஆஸ்பத்திரியில் வேலை, கெலிஓயாவில் வாடகை வீடு. எப்போதும் போட்டோகொப்பி எடுக்கத்தான் வருவார். அன்றைக்குப் படம் கேட்டார். அதுவும் யுத்தம் வருகிற கார்ட்டூன் படம். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

பத்து வயது மகனிடம் பள்ளிக்கூடத்தில் அம்மாவின் சிறுவயதைக் கீறச் சொன்னார்களாம். அவன் ஒரு பூந்தோட்டமும் ஊஞ்சலும் கீறினானாம். "நான் அவன்ர வயசில பதுங்குகுழிக்குள்ள இருந்தனான் அண்ணை. அதைச் சொல்ல எனக்கு வாய் வருதில்லை. கீறின படமெண்டால் பக்கத்தில இருந்து காட்டலாம்" என்றார். அழித்த படம் கொம்பியூட்டரின் குப்பைத் தொட்டியில் இன்னும் கிடந்தது. திரும்ப எடுத்தேன். "முழுக்கப் பாத்தனீங்களோ?" என்று கேட்டார். பதினொரு வருசத்தில் முதல் தடவையாக "இல்லை மிஸ்" என்றேன். அவர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் கடைக் கதவைப் பாதி இழுத்துவிட்டேன். சத்தத்தோடு, சாதாரண வேகத்தில், இரண்டு பேரும் முழுப் படத்தையும் பார்த்தோம்.

விமானம் வந்தபோது மிஸ் திரையைப் பார்க்கவில்லை. என் கடையின் கூரைத் தகரத்தைப் பார்த்தார். நான் கொக்கு என்று நினைத்ததை அப்போதுதான் கண்ணால் கண்டேன். கடைசிக் கட்டத்தில் இன்னொரு தடவை சங்கு ஊதுகிறது. இனி ஆபத்தில்லை, வெளியே வரலாம் என்கிற சங்கு. குழிக்குள் இருந்து முதலில் வாத்து வருகிறது, பிறகு சிறுமி. தாய் ஓடி வந்து அவளைத் தூக்குகிறாள். பிள்ளை மடுவத்துப் பிள்ளைகள் இதைப் பார்க்கவில்லை, டீவி பாதியில் நின்றுவிட்டது. இதையெல்லாம் நான் மிஸ்ஸுக்குச் சொல்லவில்லை. மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு இது சரிவருமா என்று மட்டும், யாரோ கேட்டது போலக் கேட்டேன்.

"என்ர மகனுக்குப் பத்து வயசு, நானும் பக்கத்தில இருப்பன், தேவையெண்டால் நிப்பாட்டிக் கதைப்பன். மூண்டு வயசுப் பிள்ளையளுக்கு இதை ஆர் அண்ணை குடுத்தது?"

மேசைக்கு அடியில்

மறுநாள் காலை ஹுன்னஸ்கிரிய பஸ்ஸில் ஏறினேன். படத்தின் கடைசிப் பத்து நிமிடத்தை மட்டும் வெட்டி ஒரு பென்டிரைவில் கொண்டுபோனேன். பிள்ளை மடுவத்து வாசலில் நின்று, நான் படத்தைப் பார்க்கவில்லை, பார்த்ததாகப் பொய் சொன்னேன் என்று சாந்தி அக்காவிடம் சொன்னேன். என் பேச்சை நம்பி அடுப்படிக்குப் போன மனுசி. பென்டிரைவை நீட்டியதும் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். "இன்னொருவாட்டி அந்தச் சத்தம் இங்க வேணாம். மிச்சக் கதைய நீங்களே சொல்லுங்க" என்றார்.

பாயில் உட்கார்ந்தேன். நாற்பத்தாறு வயதுக்காரன், பதினாலு பிள்ளைகளுக்கு முன்னால் வாத்து மாதிரிக் கத்தினேன். கொஞ்சம் சிரித்தார்கள். அம்மா வந்து தூக்கிக்கொண்டார்கள், கதை முடிந்தது என்றேன். கெட்டிக்காரத்தனமாகப் பேசிவிட்டதாக நினைத்தேன். பன்னிரண்டு மணிக்குச் சங்கு ஊதியது. நாலைந்து பேர் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுத் தயங்கி நின்றார்கள். மற்றவர்கள் மேசைகளுக்கு அடியில் போய்விட்டார்கள். தர்ஷினி என்கிற நாலு வயதுப் பிள்ளை மட்டும் போனவள் திரும்பி வந்தாள். என் விரலைப் பிடித்து இழுத்தாள். "மாமா, வாங்க. சத்தம் போடாதீங்க" என்றாள்.

போனேன். வேறு என்ன செய்ய? முழங்கால் மடங்கவில்லை, தலை பலகையில் இடித்தது. அவள் தன் சின்னக் கையை என் தலைக்கு மேல் வைத்து மூடினாள். படம் கொடுத்தவனையே அந்தப் பிள்ளை காப்பாற்றிக்கொண்டு இருந்தது. எனக்கு அழுகை வந்தது, அடக்க முடியவில்லை. தாய்மார் வரும் சத்தம் கேட்டது. தர்ஷினியின் தாய் குனிந்து மகளின் காலைத் தேடியவள், என் காலைக் கண்டு திடுக்கிட்டாள். யாரு பாப்பா இது என்று கேட்டாள்.

"மாமாவுக்கு பயம்மா. அதான் கூட்டியாந்தேன்."

இப்போதெல்லாம் யாராவது பார்த்தீர்களா என்று கேட்டால், முழுக்கப் பார்க்காத படத்துக்கு இல்லை என்றுதான் சொல்கிறேன், அதனால் என் வாடிக்கைக்காரர்களில் பாதிப்பேர் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார்கள், அங்கே எல்லாப் படத்தையும் பார்த்த ஒருவர் இருக்கிறாராம்.