நாக்குக்குக் கீழே நாலு துளி

மருந்துக்கடைக் கவுண்டருக்குப் பின்னால் நிற்பவர்கள் இரண்டு வகை: பயந்தவர்கள், இன்னும் பயப்படத் தொடங்காதவர்கள். கொட்டாஞ்சேனையில் ஒரு பாமசியில் பதினொரு வருடமாக மருந்து எடுத்துக் கொடுக்கும் நான் முதல் வகை. ஒரு குளிசை மாறிப் போனால் ஒரு மனிதரே போய்விடுவார் என்ற நினைப்பு எப்போதும் கூடவே இருக்கும். போதாததற்கு இப்போது வெளிநாட்டில் இருந்து ஓர் எண்ணெயும் வந்து சேர்ந்திருக்கிறது. லண்டனிலோ கனடாவிலோ சொந்தம் உள்ளவர்களே, இந்தத் தலையிடி உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

மரவள்ளி

சரோஜா அன்ரி மாதம் ஒருமுறை பிரஷர் குளிசை வாங்க வருவார். அன்று கைப்பையில் இருந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்துக் கவுண்டரில் வைத்தார். மகள் கனடாவில் இருந்து கொண்டுவந்ததாம், முதுகு நோவுக்கு நல்லதாம், எப்படிப் பாவிப்பது என்று வாசித்துச் சொல்ல வேண்டுமாம். சீபீடி என்று எழுதியிருந்தது. பக்கத்தில் விரல் விரித்த பச்சை இலைப் படம். கஞ்சாச் செடியில் இருந்து எடுப்பது, போதை தராத பகுதிதான். ஆனாலும் அங்கே கடையில் வைத்து விற்பது இங்கே பொலிஸ் கேஸ்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்தில் காக்கி உடுப்போடு ஒருவர் இருமல் பாணி கேட்டுக்கொண்டு நின்றார். போத்தலை அப்படியே கைலேஞ்சித் துணிக்குள் சுருட்டி அன்ரியின் கையில் திணித்தேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. அந்த மனிதருக்கும் கேட்கும்படி என்னைக் கேட்டார்:

"மரவள்ளி இலையிலயும் இப்ப எண்ணெய் எடுக்கினமோ, பிள்ளை?"

வேறொன்றும் இல்லை

சூசை அங்கிள் துறைமுகத்தில் கிளாக்காக இருந்து பென்ஷன் எடுத்தவர். இதயத்தில் வால்வு மாற்றியிருக்கிறார். ரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் ஒரு குளிசை போட வேண்டும். அது பொல்லாத குளிசை. குறைந்தால் வால்வில் ரத்தம் கட்டிவிடும், கூடினால் உள்ளுக்குள் கசியும். அதற்காகவே மாதாமாதம் ரத்தம் சோதிப்பார்கள்.

அந்த மாத ரிப்போர்ட்டில், ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் எண் ஏறியிருந்தது. டொக்டர் குளிசையைக் கொஞ்சம் குறைத்து எழுதியிருந்தார். ஏன் ஏறியது என்று எனக்குப் பிடிபடவில்லை. வேறு குளிசை ஏதும் போடுகிறாரா, இங்கிலீஷ் குளிசையா, நாட்டுக் குளிசையா, விட்டமின் குளிசையா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அங்கிள் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"பழைய குளிசைதான் மகள், புதுசா ஒண்டும் இல்லை, மாதா மேல சத்தியம்."

பயத்துக்கு மருந்து

மாளிகாவத்தை ரிஸ்வான் நானாவுக்கு நெஞ்சுப் படபடப்பு, நித்திரையும் இல்லை. சீபீடி பதற்றத்தைப் போக்கும் என்று ஆராய்ச்சியில் நிரூபித்துவிட்டார்களாம், ஃபோனில் பார்த்தாராம். எடுப்பித்துத் தரமுடியுமா என்று கேட்டார். முடியாது, ஆனால் வாசித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

வாசித்தேன். பிள்ளைகளுக்கு வரும் சில கடுமையான வலிப்புகளுக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. பதற்றத்துக்குச் சின்னச் சின்னப் பரிசோதனைகள்தான். அவற்றில் கொடுத்த அளவு, போத்தலில் சொல்லும் துளிகளைவிட எத்தனையோ மடங்கு. நோவுக்கு என்று பார்த்தால், மருந்தில்லாத வெறும் எண்ணெயைக் குடித்தவர்களுக்கும் அதே சுகம் கண்டதாகப் பல இடத்தில் எழுதியிருந்தார்கள். அது ஈரலின் வேலையைக் குழப்பி வேறு மருந்துகளை உடம்பில் தேங்க வைக்கும், ரத்தம் உறையாமல் தடுக்கும் குளிசையை முக்கியமாக, என்றும் இருந்தது. அந்த வரியை வாசித்தபோது எனக்குச் சூசை அங்கிளின் நினைவு வரவில்லை. இதைச் சொல்ல இன்றும் வெட்கமாக இருக்கிறது. நானாவிடம் வாசித்ததை எல்லாம் ஒப்புவித்தேன். பாவம், முகம் வெளிறிப்போனது.

"பயத்துக்கு மருந்து கேட்டு வந்தேன் மிஸ், நீங்க இன்னொரு பயத்தையும் சேத்துத் தந்துட்டீங்களே."

ஒரு சொல்

இரண்டு கிழமை கழித்து, சூசை அங்கிளின் மனைவி ரீட்டா அன்ரி தனியாக வந்து பஞ்சு கேட்டார். அங்கிளுக்குக் காலையில் இருந்து மூக்கால் ரத்தமாம். முந்தின நாள் பஸ்ஸில் அன்ரி பிடித்த இடமெல்லாம் அவர் கையில் கண்டிப்போய் இருக்கிறதாம். நான்தான் குளிசையை மாற்றிக் கொடுத்துவிட்டேனோ? கொடுத்த சீட்டை எடுத்துப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. அப்படியானால் அந்த மனிதரின் வாய்க்குள் வேறு என்னதான் போகிறது என்று அன்ரியிடம் கத்தினேன். சோறு, பாண், பிளேன்டீ என்று விரல் மடக்கினார். பிறகு, முழங்கால் நோவுக்கு லண்டன் மகன் அனுப்பிய எண்ணெய் என்றார். பூசுகிற எண்ணெயா என்றேன். இல்லை, நாக்குக்குக் கீழே நாலு துளி.

சீபீடியேதான். பஞ்சு கொடுக்கவில்லை. த்ரீவீலரைப் பிடித்து அன்ரியை ஏற்றினேன். அங்கிளை நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், பொலிசுக்குப் பயந்து போத்தலை மறைக்காமல் டொக்டரிடம் காட்டுங்கள் என்றேன். அதன்பிறகு நாலு நாள் ஒரு செய்தியும் இல்லை. வெள்ளவத்தை வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஃபோன் அடித்தால் சாவுச் செய்தி என்றே எடுத்தேன். வாசித்தும் மறந்தவளுக்கு மன்னிப்பு உண்டா என்று என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் நாள் அங்கிளே நடந்து வந்தார், கையில் ஊசி ஏற்றிய இடத்தில் பிளாஸ்டர். எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. மாதா மேல் சத்தியம் பண்ணிவிட்டு இப்படிச் செய்யலாமா என்று கேட்டேன். அவர் உண்மையாகவே மனம் நொந்துபோனார்.

"நான் பொய் சொல்லல்லை மகள், நீங்க குளிசையைத்தானே கேட்டீங்க, எண்ணெயைக் கேக்கல்லையே."

அன்றிலிருந்து என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று நான் யாரையும் கேட்பதில்லை, வாய்க்குள் என்னென்ன போகிறது என்றே கேட்கிறேன். சனம் என்னைக் கண்டு கொஞ்சம் பயப்படுகிறது, பரவாயில்லை, என் பயத்தில் ஒரு பங்கை அவர்களும் சுமக்கட்டும்.