கும்பாபிஷேகத்துக்கு வராத கருடன்

2008, தை மாதக் கடைசி ஞாயிறு. நாவலூரில் எங்கள் அபார்ட்மென்டுக்கு இரண்டு நாளாகத் தண்ணீர் லாரி வரவில்லை. வீட்டில் இருந்தால் சண்டைதான் வரும் என்று நானும் என் மனைவி செல்வியும் காலை ஆறேகாலுக்கே பைக்கில் மாமல்லபுரம் கிளம்பினோம். கேளம்பாக்கம், திருப்போரூர் வழியாக முப்பத்தைந்து கிலோமீட்டர். சாலையை அகலப்படுத்துகிறோம் என்று வழி நெடுகத் தோண்டிப் போட்டிருந்ததால் ஒன்றேகால் மணி நேரம் ஆனது. திருப்போரூரில் பொங்கல், வடை, இரண்டு காபி, நாற்பத்தெட்டு ரூபாய். பொங்கல் பரவாயில்லை, காபியைத் தவிர்த்துவிடலாம்.

சிற்பங்களைப் பற்றிப் படிக்க வந்தவர்கள் மன்னிக்கவும், இந்தப் பதிவில் அது கிடையாது. நாங்கள் கடற்கரைக் கோயிலைத் தூரத்தில் பார்த்ததோடு சரி. கூட்டம் வருவதற்குள் மீன் இறங்குவதைப் பார்க்கலாம் என்று செல்வி சொன்னதால், தெற்கே நான்கு கிலோமீட்டர் தள்ளி ஒரு மீனவர் குப்பத்துக்குப் போனோம். குப்பத்தின் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை.

அங்கே படகைச் சுற்றி நாற்பது பேர் நின்றிருந்தார்கள். நடுவில், காயப்போட்ட வலைக்குள் ஒரு கருடன். வெள்ளைத் தலை, செம்பழுப்பு முதுகு. இடது இறக்கையில் நைலான் நரம்பு சுற்றி இறுகி, சதைக்குள் இறங்கியிருந்தது. அதன் நெற்றியில் குங்குமம் வைத்திருந்தார்கள். ஓர் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டே அலகுக்குள் பால் ஊற்றப் பார்த்தார். பாதிப் பால் மூக்குத் துளை வழியாக வழிந்தது.

நான் பொதுவாகவே பயந்த சுபாவம். கேஸை மூடினேனா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவன். ஆனாலும் "பால் வேண்டாம்மா" என்று வாயைத் திறந்துவிட்டேன். நாற்பது பேரும் என்னைப் பார்த்தார்கள்.

வலைக்குச் சொந்தக்காரர் முன்னால் வந்தார். பெயர் சேகர், நாற்பத்தைந்து வயது இருக்கும், கோயில் கமிட்டியில் பொருளாளர். "பால் வேணாம்னா வேற இன்னா சார் குடுக்கறது? காலையிலேர்ந்து ஒண்ணும் துன்னாம கீது" என்றார். கோபத்தில் கேட்கிறார் என்று நினைத்தேன். குரல் நடுங்கியதைப் பிறகுதான் கவனித்தேன்.

பறவை பார்க்கப் போகும் அலுவலக நண்பருக்குப் போன் செய்தேன். சிக்னலுக்காகப் படகு மேல் ஏற வேண்டியிருந்தது. எதுவும் ஊட்டாதே, தண்ணீர்கூட வேண்டாம், கண்ணை மூடு, ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில் வை, உடனே டாக்டரிடம் கொண்டு போ என்றார் அவர். செல்வி தன் துப்பட்டாவை அதன் தலைமேல் போட்டாள். அந்த நிமிடமே திமிறல் அடங்கியது. சேகர் வலையை, அவருடைய சொந்த வலையை, கத்தியால் சுற்றிலும் அறுத்தார். சதைக்குள் இருந்த நரம்பை மட்டும் அப்படியே விட்டுவிடச் சொன்னேன். கடைக்காரர் ஒரு பிஸ்கட் பெட்டி கொடுத்தார்.

"ஊர்ல கும்பாபிசேகம் மூணு வாரத்துல வச்சிக்கினு, என் வலையிலதானா வந்து மாட்டணும்? செத்துப் பூட்டாருன்னா என்னை ஊர்ல தலை நிமிர்ந்து நடக்க வுடுவாங்களா சார்?" என்றார் சேகர். கலசத்தில் நீர் ஊற்றும்போது மேலே கருடன் வட்டமிட்டால்தான் மனசு நிறையும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்தக் கருடன் இவர் வலையில் செத்தால் என்ன பேசுவார்கள் என்று யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

செல்வி பஸ்ஸில் வீட்டுக்குப் போனாள். சேகர் மடியில் பெட்டியோடு என் பின்னால் உட்கார்ந்தார். நண்பர் சொன்ன, சென்னையின் தென்கோடியில் இருக்கும் பறவை மீட்பு நிலையம் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக ஐம்பத்திரண்டு கிலோமீட்டர். பெட்டிக்குள் பிராண்டும் சத்தம் கேட்டால் காயம் பெரிதாகுமே என்று பயம். சத்தம் நின்றால் போய்விட்டதோ என்று அதைவிடப் பயம். இரண்டு முறை வண்டியை ஓரங்கட்டிப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். மூன்றாவது முறை பிரேக் போட்டதும் சேகர் தோளைத் தட்டினார். "நீங்க நிறுத்தி நிறுத்திப் பாக்கறதுலயே அவரு உயிரு போயிடும் சார். ஓட்டுங்க."

அங்கிருந்த டாக்டரம்மா அரை மணி நேரம் பொறுமையாக நைலான் நரம்பை வெட்டி எடுத்தார். எலும்பு முறியவில்லை, தசை கிழிந்திருக்கிறது என்றார். வனத்துறைக்கும் அவரே தகவல் சொன்னார். காசு வாங்க மறுத்துவிட்டார், உண்டியலில் நூறு ரூபாய் போட்டேன். பெட்ரோல் நூற்றைம்பது.

"எப்பம்மா பறப்பாரு?" என்று சேகர் கேட்டார்.

"நல்லா ஆறினா மூணு வாரம். ஆனா உறுதியா சொல்ல முடியாது" என்றார் டாக்டரம்மா.

சேகர் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டார். உண்மையைச் சொன்னால் நானும்தான்.

இரண்டு வாரம் கழித்துக் குப்பத்துக்குப் போனபோது நுழைவாயிலில் ஒரு ஃபிளெக்ஸ் பேனர். இறக்கை விரித்த கருடன், பக்கத்தில் கும்பிட்டபடி சேகர், கீழே "கருடாழ்வார் நேரில் எழுந்தருளுகிறார்" என்று கொட்டை எழுத்தில். அதற்குள் ஆறாவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "இன்னாத்துக்கு சார் பயப்படறீங்க? டாக்டரம்மாதான் சொல்லிட்டாங்களே" என்று சேகர் என்னைத் தேற்றினார். யாகசாலைப் பக்கத்திலிருந்து விடுவதாக ஏற்பாடாம். பக்கத்துக் குப்பங்களுக்கெல்லாம் சொல்லியாகிவிட்டதாம்.

கும்பாபிஷேகத்துக்கு முந்தின நாள் நானும் சேகரும் மீட்பு நிலையத்துக்குப் போனோம். நீளமான கூண்டில் டாக்டரம்மா அதைப் பறக்கவிட்டுக் காட்டினார். ஐந்தாறு கஜம் நன்றாகத்தான் போனது. அப்புறம் இடது பக்கம் சாய்ந்து, மணலில் மார்பு அடித்து விழுந்தது. எழுந்து, எங்களைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டு நின்றது.

"இன்னும் ரெண்டு வாரமாவது வேணும்" என்றார் அவர்.

"ஒரே ஒரு சுத்து சுத்தினா போதும்மா. கடல்ல விழுந்தாக்கூட நானே படகு எடுத்துக்கினு போய்த் தூக்கிக்கினு வந்துடறேன்" என்றார் சேகர். கெஞ்சினார் என்றே சொல்ல வேண்டும். டாக்டரம்மா இன்னொரு முறை பறக்கவிடச் சொல்லி உதவியாளருக்குக் கை காட்டினார். இந்த முறை நான்கு கஜம்தான். விழுந்த சத்தம் முதலில் விழுந்ததைவிடப் பலமாகக் கேட்டது.

சேகர் கம்பியைப் பிடித்துக்கொண்டு அது எழுந்து நிற்பதைப் பார்த்தார். பிறகு, "வேணாம்மா. இங்கயே இருக்கட்டும்" என்றார். திரும்பும் வழியில் திருவான்மியூரில் டீ வாங்கிக் கொடுத்தேன், பாதியில் வைத்துவிட்டார்.

மறுநாள் நான் போயிருக்கவே வேண்டாம். ஆனால் அவரைத் தனியாக விட மனம் வரவில்லை. காலை ஒன்பதரைக்கு முகூர்த்தம். மேளம் உச்சத்தில், குருக்கள் குடத்தோடு விமானத்தின் மேல், ஆயிரம் பேரின் முகமும் வானத்தைப் பார்த்தபடி. காக்கைகூட இல்லை. குருக்கள் முடிந்தவரை தாமதித்தார், நேரம் தாண்டப் போகிறது என்று யாரோ கத்தியதும் ஊற்றினார். கூட்டத்தில் வழக்கமாக எழும் சத்தம் எழவில்லை.

ஊர்ப் பெரியவர்களில் ஒருவர் மைக்குக்குப் பக்கத்திலேயே கேட்டார்: "இன்னாடா சேகரு, எங்கடா உன் கருடன்?"

"ரெக்கை சரியாவல. நான்தான் வேணாம்னு சொல்லிட்டு வந்தேன்" என்றார் சேகர். மைக் அதையும் எல்லோருக்கும் சொன்னது. டாக்டரம்மா மேல் பழியைப் போட்டிருக்கலாம், என்னைக் கைகாட்டியிருக்கலாம். அவர் பக்கத்தில் நின்றுகொண்டு, பயத்தில் வியர்த்துக்கொண்டு, இந்த மனிதரைவிடப் பெரியவரை நான் பார்த்ததில்லை என்று நினைத்தேன். அந்த வாரமே கமிட்டியில் வேறு பொருளாளரைப் போட்டுவிட்டார்கள்.

பதினெட்டு நாள் கழித்துப் பறவையை அதே கரைக்குக் கொண்டுவந்தோம். பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்பது டாக்டரம்மாவின் விதி. விடிந்து காற்று எழும்வரை சவுக்குத் தோப்பு ஓரம் காத்திருந்தோம். டாக்டரம்மா, செல்வி, நான், சேகர், அவ்வளவுதான். பெட்டியைத் திறந்ததும் அலைக்கு மேலே தாழ்வாகப் போனது. ஓரிடத்தில் இடது இறக்கை சரிந்தது, செல்வி என் கையை நகம் பதியப் பிடித்தாள். பிறகு ஏதோ காற்று கிடைத்திருக்க வேண்டும், மேலே, மேலே போனது. ஒரு வட்டம்கூட அடிக்காமல் தெற்கே நேராகப் போய்விட்டது.

"கோயில் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கல பாருங்க" என்று சேகர் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

இப்படி ஒரு பறவை உங்கள் கையில் சிக்கினால்: பால், சோறு, மீன் எதுவும் வேண்டாம். முதலில் துணியால் தலையை மூடுங்கள், நகங்கள் ஜாக்கிரதை. சுற்றிய நைலான் நரம்பை இழுக்காதீர்கள். பெட்டியைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள், இதை நான் சொல்வதுதான் வேடிக்கை. வனத்துறைக்குச் சொல்லிவிட்டு, பறவைக்கு வைத்தியம் பார்க்கத் தெரிந்த டாக்டரிடம் அன்றைக்கே சேர்த்துவிடுங்கள். அவர்கள் சொல்லும் தேதியில் "ஆனால்" என்று வரும் பாதியையும் சேர்த்துக் கேளுங்கள்.

மாமல்லபுரத்துக்கு எப்போதும்போல் போகிறோம். தெற்கே அந்தக் கரையில் காலை ஏழிலிருந்து எட்டுக்குள் மீன் இறங்கும், அப்போது மேலே ஏழெட்டுக் கருடன்கள் சுற்றும். போன மாதம் ஒன்று இடது பக்கம் லேசாகச் சாய்ந்து திரும்பியது. நம்முடையதுதானா என்று சேகரிடம் கேட்டேன். அவர் வலையிலிருந்து மீனை உதறிக்கொண்டே அண்ணாந்து பார்த்தார்.

"எதுவா இருந்தா இன்னா சார். பறக்குது இல்ல."